கொரியா ஒப்பந்தத்தில் இல்லாத குழந்தை

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய் "மகன் எங்கை?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் நாற்பது வருடங்களாக எங்களுக்குப் பழக்கமானவை. லண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ. அண்மைய வருடங்களில் கொரியாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. தெற்கில் இருபது வருடங்களாகப் புழங்கிவரும் இந்தச் சொல், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குடாநாட்டிலும் அடிக்கடி காதில் விழுகிறது. கொரிய மொழி வகுப்பு விளம்பரங்களை இப்போது யாழ் நகரத்தில் மட்டுமல்ல, ஊர்ச் சந்திகளிலும் பார்க்கிறேன்.

லண்டனுக்கும் கொரியாவுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அகதியாக லண்டனுக்கோ சூரிச்சுக்கோ போனவர், காலம் பிந்தியென்றாலும், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டார். தொழிலாளியாகக் கொரியா போகிறவர் கூப்பிட முடியாது. அவர் போகும் விசாவில் அதற்கு இடமில்லை. போகிறவர்களில் பலர் புதிதாகத் திருமணமானவர்கள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது விமானம் ஏறியவர்கள், பிள்ளையின் முப்பத்தொன்று முடிந்த கையோடு போனவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

தென் கொரியா தன் தொழிற்சாலைகள், பண்ணைகள், மீன்பிடிப் படகுகள் ஆகியவற்றுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதற்காக 2004 ஓகஸ்டில் வேலை அனுமதி முறை ஒன்றை நடைமுறைப்படுத்தியது. அதில் முதலில் ஒப்பமிட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்த முறை அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. இலங்கைப் பக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் கொரியப் பக்கத்தில் மனிதவள அபிவிருத்திச் சேவையும் இதை நடத்துகின்றன. 18 வயது முதல் 39 வயது வரையிலானவர்கள் கொரிய மொழித் தேர்வில் சித்தியடைந்து, தேர்வுப் பட்டியலில் இடம்பெற்று, ஒரு முதலாளி தெரிவு செய்தால் போகலாம். இலட்சக்கணக்கில் முகவருக்குக் கொடுத்து ஏமாந்த அனுபவம் நிறைந்த எங்கள் சமூகத்துக்கு, முகவர் இல்லாத இந்த வழி பெரிய ஆறுதல் என்பதில் சந்தேகமில்லை.

சம்பளமும் அப்படித்தான். கொரியாவின் 2025 ஆம் ஆண்டுக்கான அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 10,030 வொன். மாதக் கணக்கில் அது 20 இலட்சத்து 96 ஆயிரம் வொன் அளவில் வரும். எங்கள் ரூபாயில் 4 இலட்சத்தைத் தாண்டும். மேலதிக நேர வேலையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இந்தச் சட்டம் கொரியருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒன்றே. இங்கே ஒரு பட்டதாரிக்குக் கிடைக்கும் சம்பளத்தோடு இதை வைத்துப் பார்க்கும் எந்த இளைஞனிடமும் "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் காலக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஈ-9 எனப்படும் இந்த விசா முதலில் 3 வருடங்களுக்கு. முதலாளி விரும்பினால் மேலும் 1 வருடமும் 10 மாதங்களும் நீடிக்கப்படும். மொத்தம் 4 வருடங்களும் 10 மாதங்களும். ஏன் ஐந்து வருடமாக முழுமையாக்கவில்லை? கொரியாவில் தொடர்ச்சியாக 5 வருடங்கள் வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியை நெருங்கிவிடுவார். அந்தக் கோட்டைத் தொடுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவரை வெளியே அனுப்பும்படி இந்தக் கணக்குப் போடப்பட்டிருக்கிறது.

ஒரே இடத்தில் ஒழுங்காக வேலை செய்தவரை முதலாளி மீண்டும் கேட்டால், அவர் நாடு திரும்பிச் சிறிது காலம் நின்றுவிட்டு மறுபடியும் 4 வருடங்கள் 10 மாதங்களுக்குப் போகலாம். அந்த இடைவெளி முன்னர் 3 மாதமாக இருந்தது. 2021 இல் அது 1 மாதமாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு அது நல்ல செய்தி. அப்பாவின் முகம் பிடிபடாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதமும் பெரிய இழப்பு.

இரண்டு தவணைகளையும் கூட்டினால் 9 வருடங்களும் 8 மாதங்களும். எங்கள் அளவுகோலில் சொன்னால், தகப்பன் போன மாதம் பிறந்த பிள்ளை முதல் தவணை முடியும்போது முதலாம் வகுப்பு வாசலில் நிற்கும். இரண்டாம் தவணை முடியும்போது புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். தொட்டில், தவழ்தல், முதல் சொல், முன்பள்ளி, ஏடு தொடக்கல், முதல் பல் விழுதல் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

பிள்ளை பிறக்காத நாடு

இவ்வளவு ஆட்கள் கொரியாவுக்கு ஏன் தேவைப்படுகிறார்கள் என்பதற்கு ஒரு முக்கிய காரணம், அங்கே பிள்ளைகள் பிறப்பதில்லை. 2023 இல் ஒரு கொரியப் பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 0.72 ஆக விழுந்தது. 2024 இல் அது 0.75. சனத்தொகை குறையாமல் இருக்க வேண்டிய அளவு 2.1. முதியவர்கள் கூடி, இளைஞர்கள் குறைந்து, கடும் வேலைக்குக் கொரிய இளைஞர் வர மறுக்கும்போது, அந்த இடத்தை நிரப்ப வெளிநாட்டவர் அழைக்கப்படுகிறார்கள். ஈ-9 விசாவுக்கான வருடாந்த ஒதுக்கீடு 2023 இல் 1 இலட்சத்து 20 ஆயிரமாகவும் 2024 இல் 1 இலட்சத்து 65 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டது.

அதேவேளை பிள்ளை பெறும் கொரியருக்கு அரசு பணத்தைக் கொட்டுகிறது. முதல் பிள்ளைக்கு 20 இலட்சம் வொன் பெறுமதியான பற்றுச்சீட்டு, ஒரு வயது வரை மாதம் 10 இலட்சம் வொன், இரண்டாவது வயதில் மாதம் 5 இலட்சம் வொன், அதற்கு மேல் சிறுவர் கொடுப்பனவு. தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு வருடம் பிள்ளை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம். இத்தனைக்குப் பிறகும் பிறப்புகள் பெரிதாகக் கூடவில்லை. வீட்டு விலை, நீண்ட வேலை நேரம், படிப்புச் செலவு, வேலையை விட்டால் மீண்டும் கிடைக்காது என்ற பெண்களின் பயம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

பிள்ளை இல்லை என்று கவலைப்படும் நாடு, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் ஆசிய இளைஞர்களை எடுத்து, "நீ மட்டும் வா, பிள்ளையை விட்டுவிட்டு வா" என்கிறது. அவர்களின் உழைப்புத் தேவைப்படுகிறது, குடும்பம் தேவைப்படவில்லை. கொரியாவில் 2008 இல் பல்கலாசாரக் குடும்பங்களுக்கான ஆதரவுச் சட்டம் ஒன்று வந்தது. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. கொரியரை மணந்து வரும் வெளிநாட்டு மருமகள்களின் குடும்பங்களை மனதில் வைத்தே அது எழுதப்பட்டது. தகப்பனும் தாயும் வெளிநாட்டவராக உள்ள வீடு அந்தச் சட்டம் கருதும் குடும்பத்துக்குள் வராது.

மாணவருக்குக் கதவு, தொழிலாளிக்குச் சுவர்

எல்லா இலங்கையருக்கும் கொரியாவில் குடும்ப வாழ்க்கை மறுக்கப்படவில்லை. முதுகலை, கலாநிதிப் படிப்புக்காகப் போகும் பட்டதாரி மாணவர்கள் எஃப்-3 என்ற சார்ந்திருப்போர் விசாவில் மனைவியையும் பிள்ளையையும் அழைக்கலாம். பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுதான், பாடசாலை ஒன்றுதான், ஆனால் பல்கலைக்கழகம் போன பெடியனின் பிள்ளை கொரியாவில் தகப்பனின் மடியிலும், தொழிற்சாலைக்குப் போன பெடியனின் பிள்ளை யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் மடியிலும் வளரும்.

கொரியாவில் கைக்குழந்தையோடு வாழ்வதும் இலகுவானதல்ல. குழந்தை பிறந்தால் 90 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அதற்கு வதிவிட நிலை பெறவேண்டும். அங்கே பிறந்ததால் மட்டும் கொரியக் குடியுரிமை கிடைக்காது. 2024 ஜூலையிலிருந்து வைத்தியசாலைகளே பிறப்பை அரசுக்கு அறிவிக்கும் முறை வந்திருக்கிறது, ஆனால் வெளிநாட்டுப் பெற்றோரின் குழந்தைகள் அதற்குள் அடங்கவில்லை. எனவே பதிவு முழுவதும் பெற்றோரின் பொறுப்பு. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியவேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும். கொரியப் பிள்ளைக்குக் கிடைக்கும் பராமரிப்பு நிலைய மானியம் வெளிநாட்டுப் பிள்ளைக்கு மத்திய அரசிடமிருந்து பொதுவாகக் கிடைப்பதில்லை. சில மாகாணங்களும் நகரங்களும் மட்டும் ஓரளவு உதவுகின்றன. தாய்க்குத் தன் விசாவில் தானாக வேலை உரிமையும் இல்லை. ஆகவே நான்கு சுவருக்குள் தாயும் பிள்ளையும், ஆய்வுகூடத்தில் தகப்பன் என்று பல மாதங்கள் ஓடும்.

அப்படியிருந்தும் அங்குள்ள வழக்கங்களைக் கேட்டால் யாழ்ப்பாணத்துத் தாய்க்குப் புதிதாகத் தெரியாது. பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் கயிறு கட்டி 21 நாள்களுக்கு வெளியாரை விடாமல் வைத்திருந்த பழைய கொரிய வழக்கம் எங்கள் 31 நாள் துடக்கை நினைவூட்டும். இங்கே பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைப்பதுபோல அங்கே கடற்பாசி சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். நூறாம் நாளில் அரிசிமா அவித்து அயலுக்குப் பகிர்கிறார்கள். முதல் பிறந்தநாளில் பிள்ளையின் முன்னால் நூல், காசு, தூரிகை எல்லாவற்றையும் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். பல்லுக்கொழுக்கட்டையின்போது புத்தகம், பேனை, நகை வைத்து நாங்கள் பார்ப்பதும் அதைத்தான். பிள்ளையைச் சுற்றி உறவு கூடவேண்டும் என்பது அந்த மக்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், தங்கள் தொழிற்சாலையில் வேலை செய்பவனின் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றரை மணித்தியாலம்

கொரிய நேரம் எங்கள் நேரத்தை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. கடிகாரத்தில் சிறிய வித்தியாசம்தான், கைக்குழந்தை உள்ள வீட்டில் அது சிறியதல்ல. பிள்ளை காலை 6 மணிக்கு விழித்துச் சிரிக்கும்போது அங்கே 9.30, தகப்பன் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பார். அவருடைய மதிய உணவு நேரம் இங்கே காலை 8.30, பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிக்கவார்க்கும் நேரம். இங்கே இரவு 8 மணிக்குப் பிள்ளை நித்திரைக்குப் போகுமுன் முகம் காட்டவேண்டுமென்றால், அங்கே இரவு 11.30 வரை அவர் விழித்திருக்கவேண்டும். இரவு முறை வேலை என்றால் எல்லாம் தலைகீழ்.

என் பெறாமகன் ஒருவர் கொரியாவில் தொழிற்சாலை வேலை செய்கிறார். அவருடைய மகள் போனைக் கண்டால் "அப்பா" என்பாள். யாருடைய போனாக இருந்தாலும், அது அணைந்து கிடந்தாலும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். விடுமுறையில் அவர் வந்து கையை நீட்டியபோது பிள்ளை அம்மம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மூன்றாம் நாள்தான் கிட்டப் போனது. பிள்ளை நன்றாகச் சேர்ந்து பழகத் தொடங்கும்போது விடுமுறை முடிந்துவிட்டது. இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்கு மணமும் குரலும் தொடுகையும் சேர்ந்துதான் ஆள். கண்ணாடிக்குள் தெரிவது முகம் மட்டும்.

வீடியோ அழைப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. இரு பக்கமும் காட்ட விரும்புவதை மட்டும் அது காட்டும். தகப்பன் தன் கையில் பட்ட காயத்தைக் காட்டமாட்டார். தாய் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதைச் சொல்லமாட்டார். 2025 ஜூலையில் கொரியாவின் தெற்கு ஜொல்லா மாகாணத்தின் நாஜு நகரிலிருந்து ஒரு காணொளி வெளிவந்தது. செங்கல் தொழிற்சாலை ஒன்றில் ஓர் இலங்கைத் தொழிலாளி கல் அடுக்குடன் சேர்த்துக் கட்டப்பட்டு, பாரம் தூக்கும் வண்டியால் உயர்த்தப்பட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பவம் நடந்தது பெப்ரவரியில். காணொளி வெளிவரும்வரை மாதக்கணக்கில் உலகத்துக்குத் தெரியாது. கொரிய சனாதிபதி லீ ஜே-மியுங் அதைக் கடுமையாகக் கண்டித்தார். இந்த விசாவில் உள்ளவர் நினைத்தபடி வேலைத்தலத்தை மாற்ற முடியாது என்பதும், முதல் மூன்று வருடங்களில் மாறக்கூடிய தடவைகளுக்கும் காரணங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. முதலாளியைப் பகைத்தால் நீடிப்பும் இல்லை, மறுநுழைவும் இல்லை. ஊரில் பால்மாவுக்கும் கடனுக்கும் காசு அனுப்பவேண்டிய தகப்பன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு இது வேறு மாதிரி வலிக்கும்

வெளியூர் உழைப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கு ரயில்வேக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் போனவர்கள் ஊருக்கு வந்து கலியாணம் செய்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். வயது போனபின் பலர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினார்கள். 1983 க்குப் பிறகு போனவர்கள் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள். அவர்களும் தாமதமாகவேனும் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு புலப்பெயர்வுகளிலும் குடும்பம் இடம் மாறியது. கொரியாவுக்கான புலப்பெயர்வு, மத்திய கிழக்குக்குப் போனதைப் போலவே, குடும்பத்திலிருந்து ஒருவரை மட்டும் கழற்றி எடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இன்று 25 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் உள்ளவர்கள் யார்? 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடுப்பில் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள். அதற்குப் பின் முகாமிலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ பிறந்தவர்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலைக் கண்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் தகப்பனை ஒரு சட்டம் போட்ட படமாகவே அறிந்தவர்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் பிள்ளையின் படத்தோடு தாயும், கணவனின் படத்தோடு மனைவியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது.

காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனையும் கொரியாவில் உழைக்கும் தகப்பனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒன்று குற்றம், அதற்கு நீதி இன்னும் கிடைக்கவில்லை. மற்றது குடும்பம் யோசித்து எடுத்த முடிவு, அதில் மாதாமாதம் காசு வருகிறது, குரல் கேட்கிறது. ஆனால் பிள்ளையைத் தனியே வளர்த்து எடுக்கும் பாரம் என்ன என்பது இந்த மண்ணின் தாய்மாருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒரு இளைஞன், தன் பிள்ளைக்கு எல்லாம் கொடுக்கவேண்டும் என்பதற்காகவே பிள்ளையை விட்டுப் போகிறான். அவனுடைய தாய், ஒருமுறை தனியாகப் பிள்ளை வளர்த்தவள், அறுபது வயதில் பேரப்பிள்ளைக்காக மறுபடியும் தொட்டில் ஆட்டுகிறாள். இதை நாங்கள் இன்னும் பொதுவில் பேசத் தொடங்கவில்லை. காசு வரும் வீட்டில் குறை பேசக்கூடாது என்று ஒரு தயக்கம்.

தாயிடம் கேட்ட கேள்வி

இலங்கை அரசு பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. தாய் போகும்போது கவலைப்பட்டது. 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றார்கள். பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் வந்து வீட்டைப் பார்த்து, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து எழுதினார். பெண்ணின் உரிமையைத் தடுக்கிறது என்று அது கண்டிக்கப்பட்டது. பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்ட 2022 இல் பிள்ளையின் வயது வரம்பு இரண்டாகக் குறைக்கப்பட்டது.

தகப்பன் போகும்போது இந்தக் கேள்வி ஒருபோதும் கேட்கப்படவில்லை. பிள்ளைக்கு என்ன வயது, யார் துணை, தாய் வேலைக்குப் போகிறாவா, முதியவர்கள் நோயாளிகளா, அவசரத்துக்கு யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. தாயைத் தடுத்ததுபோல் தகப்பனையும் தடுக்கவேண்டும் என்பது என் வாதமல்ல. தடுப்பது தவறான மருந்து, இருவருக்கும். ஆனால் கேட்பது தடுப்பதல்ல. எந்த வீட்டில் ஆறு மாதப் பிள்ளையோடு ஒரு தாய் தனியாக இருக்கிறாள் என்பது பிரதேச செயலகத்துக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தெரிந்திருந்தால், அந்த வீட்டின் படியை ஒருவர் மிதிப்பார்.

அரசின் கணக்கில் வெளிநாட்டு உழைப்பு ஒரு தொகை. 2024 இல் வெளிநாட்டில் இருந்து இலங்கையர் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியது. அந்தத் தொகை ஒவ்வொரு மாதமும் வெளியிடப்படுகிறது. அதற்காகத் தகப்பனையோ தாயையோ பிரிந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி அப்படி ஒரு மாத அறிக்கையை நான் பார்த்ததில்லை.

குடாநாட்டின் கணக்கு

இதை அவரவர் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடவும் முடியாது. 1981 இல் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2012 கணக்கெடுப்பில் அது 5 இலட்சத்து 83 ஆயிரம். யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 நாடாளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015 இல் 7 ஆனது. 2024 இல் 6. நாடு முழுவதிலும் பிறப்புகள் குறைகின்றன. 2020 இல் 3 இலட்சத்தைத் தாண்டியிருந்த வருடாந்தப் பிறப்புகள் 2023 இல் 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டன.

ஒரு இளைஞன் 27 வயதில் கொரியா போய் 37 வயதில் திரும்பினால், முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் இடையில் பத்து வருடம் ஓடிவிடும், அல்லது இரண்டாவது பிள்ளையே இல்லை. ஆளில்லாத ஊரில் வீடுகள் எழும்புகின்றன. மாடி வைத்த வீடு, ஓடு பதித்த முற்றம், உள்ளே ஒரு தாயும் ஒரு பிள்ளையும் ஒரு கிழவியும். ஆட்தொகைதான் எங்கள் அரசியல் பலம் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த வீடுகளுக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும். கொரியாவின் பிள்ளைப் பஞ்சத்தைத் தீர்க்க எங்கள் இளைஞர் போகிறார்கள், அந்தப் பஞ்சத்தின் ஒரு பங்கு அவர்களோடு இங்கே திரும்பி வருகிறது.

என்ன செய்யலாம்?

முதலாவது, இருக்கும் உரிமைகளைத் தெரிந்துகொள்வது. மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் கணவனுக்குக் கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு கொரியாவில் 2025 பெப்ரவரியிலிருந்து 10 நாளில் இருந்து 20 நாளாக உயர்த்தப்பட்டது. பிறந்து 120 நாள்களுக்குள் அதை எடுக்கவேண்டும், பிரித்தும் எடுக்கலாம். சட்டத்தின் எழுத்தில் அது தொழிலாளிக்கு உரியது, கொரியருக்கு மட்டும் என்று இல்லை. புறப்படுமுன் நடக்கும் பயிற்சியில் இது தமிழில் விளக்கமாகச் சொல்லப்படவேண்டும். தாயின் கர்ப்பப் பதிவு அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புப் பிரதிகள் தகப்பன் கையில் இருந்தால் கேட்பது இலகு.

இரண்டாவது, மொழி. ஈ-9 இல் போனவர் நான்கு வருடங்களுக்கு மேல் வேலை செய்து, சம்பளம், கொரிய மொழித் தேர்ச்சி, முதலாளியின் பரிந்துரை ஆகியவற்றில் போதிய புள்ளி பெற்றால் ஈ-7-4 என்ற திறன்சார் விசாவுக்கு மாறலாம். அந்த விசாவில் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட முடியும். 2022 இல் வருடம் 2,000 பேருக்கு மட்டும் இருந்த இந்த வாய்ப்பு 2023 இல் 35,000 ஆக விரிக்கப்பட்டது. போகும்வரை கொரிய மொழியை இராப்பகலாகப் படிப்பவர்கள் போனபின் அதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் போனபின் படிக்கும் கொரிய மொழிதான் பிள்ளையைத் தகப்பனிடம் கொண்டுசேர்க்கும் வழி. இதைப் போகிறவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் முதல் நாளே சொல்லவேண்டும்.

மூன்றாவது, அரசு பேசவேண்டியவை. குடியேறித் தொழில் புரிவோரையும் அவர்களது குடும்பத்தினரையும் பாதுகாக்கும் ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996 இல் சேர்ந்தது. கொரியா இன்னும் சேரவில்லை. ஆனால் சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இரு நாடுகளும் 1991 இலேயே சேர்ந்துவிட்டன. பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளை அவர்களுடன் நேரடித் தொடர்பு வைத்திருக்கும் உரிமையை அது பேசுகிறது. இலங்கை கொரியாவுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆட்தொகையைக் கூட்டுவது பற்றி மட்டுமே பேசுகிறது. ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு மாத ஊர் விடுமுறை, மனைவியும் கைக்குழந்தையும் மூன்று மாதம் போய் நின்று வரக்கூடிய வருகை விசா, இரண்டு தவணைகளுக்கு இடையில் நீண்ட இடைவெளியை விரும்புகிறவருக்கு வேலை இழக்காத உத்தரவாதம் ஆகியவை பெரிய கோரிக்கைகள் அல்ல. வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்கலாம். கேட்டால் தெற்கின் ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்களுக்கும் அது பயன்படும். இரு பக்கத்துத் தாய்மாரும் ஒரே குரலில் பேசக்கூடிய சில விடயங்களில் இதுவும் ஒன்று.

நான்காவது, ஊரில் நாங்கள் செய்யக்கூடியது. கணவன் வெளிநாட்டில் உள்ள பெண்ணைக் கண்காணிப்பதில் எங்கள் சமூகம் காட்டும் அக்கறையில் பாதியை அவளுக்கு ஒரு கை உதவியாகக் காட்டினால் போதும். தடுப்பூசி போட்ட இரவு பிள்ளை அழும்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஓட்டோ, முன்பள்ளிக் கூட்டத்துக்குத் தகப்பனுக்குப் பதிலாக ஒரு மாமன், சனசமூக நிலையத்தில் கிழமைக்கு ஒருநாள் இளம் தாய்மார் கூடியிருக்க ஒரு அறை. இவை காசு கேட்காத வேலைகள்.

கடைசியாக, போகவிருக்கும் தம்பிமாருக்கு ஒன்று. கடன் எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, காணிக்கு எவ்வளவு என்று கணக்கெழுதும் கொப்பியில், எத்தனை வருடம் என்பதையும் மனைவியோடு இருந்து எழுதுங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளையின் வயதையும் எழுதுங்கள். முதல் தவணை முடிவில் வீட்டுக்கூரை இன்னும் போடப்படாமல் இருக்கலாம். அப்போது கூரையா பிள்ளையா என்று கேட்கவேண்டிய நிலை வரும். அந்தக் கேள்விக்கு இப்போதே, இருவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, பதில் யோசித்து வையுங்கள். விமான நிலையத்தில் யோசிக்க நேரம் இராது.